கூடம், ஆசாரம், ஹால், வரவேற்பறை: எல்லாம் ஒரே அறைதானா?

கேள்வி சுருக்கமாக இதுதான். சங்ககிரிக்குப் பக்கத்தில் உள்ள பாட்டி வீட்டில், வந்தவர்களை உட்கார வைக்கும் பெரிய இடத்தை ஆசாரம் என்கிறார்கள். சேலத்தில் குடியிருக்கும் வீட்டில் அதையே ஹால் என்கிறார்கள். விடுமுறைக்குப் போய்த் தங்கிய ஏற்காட்டுப் பழைய பங்களாவைக் கவனித்துக்கொள்பவர் அதை டிராயிங் ரூம் என்றார். புத்தகத்தில் வரவேற்பறை என்று வருகிறது. இவை ஒரே அறையின் பெயர்களா, வெவ்வேறு அறைகளா, புதிதாகக் கட்டப்போகும் வீட்டின் வரைபடத்தில் தமிழில் எதை எழுதலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

சேலத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வீட்டு வரைபடம் போடுவதும், இடிக்கப்போகும் பழைய வீடுகளை அளந்து குறிப்பதும்தான் என் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இவை ஒரே அறையின் பெயர்கள் அல்ல. வெளியாள் ஒருவர் வீட்டுக்குள் எதுவரை வரலாம், அவர் வந்து உட்கார்ந்திருக்கும்போது அவரைச் சுற்றி வீட்டில் என்ன வேலை நடந்துகொண்டிருக்கும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒவ்வொரு பெயரும் வெவ்வேறு விடை வைத்திருக்கிறது. நம் பழைய பெயர்கள் பெரும்பாலும் அந்த இடம் வீட்டில் எங்கே இருக்கிறது, எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்பவை. முகப்பு, நடை, தாழ்வாரம், முன்கட்டு, நடுவீடு ஆகிய எல்லாமே அப்படித்தான். அங்கே என்ன செய்ய வேண்டும் என்று கட்டளையிடும் பெயர்கள், அதாவது வரவேற்பதற்கு ஓர் அறை, உண்பதற்கு ஓர் அறை என்ற பெயர்கள், ஆங்கிலேயர் காலத்து வீட்டமைப்போடு வந்து சேர்ந்தவை.

தெருவிலிருந்து உள்ளே போவோம். முதலில் திண்ணை. வாசற்படியின் இரு பக்கமும் மேடையாகக் கட்டி, சுவரோரம் தலை சாய்க்கச் சரிவாக ஒரு திண்டும் வைத்த அந்த இடத்தில் உட்கார யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வழிப்போக்கன் படுத்துறங்கியதும், வாத்தியார் பிள்ளைகளை உட்கார வைத்து மணலில் எழுதச் சொன்னதும் அங்கேதான். திண்ணைப் பள்ளிக்கூடம் என்ற பெயரே அதிலிருந்து வந்தது. நிலத்தை விற்கும் பேச்சு, வட்டிக் கணக்கு, மாப்பிள்ளை பற்றித் தரகர் கொண்டுவரும் முதல் தகவல் ஆகியவற்றுக்கும் வீட்டுக்குள் போக வேண்டிய தேவை இருக்கவில்லை. ஆகவே வெளியாளை உட்கார வைத்துப் பேசுகிற வேலையின் பெரும்பகுதியை நம் வீடுகளில் செய்தது திண்ணைதான். அதில் யாருக்கு உரிமை என்பதிலும் போட்டி இருந்திருக்க வேண்டும். அண்ணன் எப்போது போவான், திண்ணை எப்போது காலியாகும் என்று பழமொழி சும்மாவா பிறந்தது?

திண்ணைக்கும் உள்வீட்டுக்கும் நடுவே இருக்கும் குறுகிய வழியை நடை என்பார்கள். அக்கிரகாரத்து வீடுகளில் ரேழி. இடைகழி என்ற சொல்தான் பேச்சில் தேய்ந்து ரேழி ஆயிற்று. திருக்கோவிலூரில் மழையிரவில் முதலாழ்வார் மூவரும் ஓர் இடைகழியில் ஒதுங்கிய வரலாற்றை வைணவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்: ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவுள்ள இடம் அது. ஓர் அறையின் அளவை இதைவிடத் துல்லியமாக எந்த வரைபடமும் சொல்லிவிட முடியாது. முற்றும் அந்நியரும் அல்லாத, உற்றாரும் அல்லாத ஆள் நிற்கும் இடம் ரேழி. பால்காரர், தபால்காரர், ஏதோ கேட்டு வந்த பக்கத்துத் தெருக்காரர் ஆகியோர் அதோடு திரும்பிவிடுவார்கள்.

அதைத் தாண்டினால்தான் கூடம். நடுவில் வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றிக் கூரை தாழ்ந்து இறங்கும் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி விரிந்த பெரிய இடம் கூடம் என்பது பொதுவான அமைப்பு. கொங்குப் பக்கம், அதாவது சங்ககிரி, எடப்பாடி, திருச்செங்கோடு வட்டாரங்களில், முற்றத்தைத் தொட்டி என்றும் அதை நடுவில் வைத்துக் கட்டிய வீட்டைத் தொட்டிக்கட்டு வீடு என்றும் சொல்வார்கள். அந்த வீட்டின் கூடம்தான் உங்கள் பாட்டி சொல்லும் ஆசாரம். ஒழுக்கம் என்ற பொருளில் வரும் ஆசாரத்தை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த நினைப்போடு யாரும் இதைச் சொல்வதில்லை. ஆசாரத்தில் ஒரு கயிற்றுக் கட்டில் கிடக்கும், மூலையில் மூட்டைகள் அடுக்கியிருக்கும், அறுவடை முடிந்த மாதங்களில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருப்பார்கள். உறவுக்காரர் வந்தால் கட்டிலில் உட்காருவார், உரிப்பது நிற்காது, பேச்சும் நிற்காது. வந்தவரே பாதி நேரத்தில் கட்டிலை விட்டு இறங்கி இரண்டு கை கடலை உரிக்கத் தொடங்குவதும் உண்டு. வந்தவருக்காக வேலையை ஒதுக்கி வைத்து அறையைச் சுத்தமாகக் காட்டும் வழக்கம் பின்னால் வந்தது.

தெற்கே போனால் இதே இடத்துக்குப் பட்டாசாலை, பட்டாசல் என்று பெயர். பட்டகசாலை என்பதன் திரிபு அது. இன்று சாலை என்றால் நமக்குத் தார்ச்சாலைதான் கண்ணில் தெரிகிறது, ஆனால் பாடசாலை, தொழிற்சாலை, பட்டாசாலை ஆகியவற்றில் அது கூடம் என்ற பழைய பொருளிலேயே இருக்கிறது. கூடம் என்ற சொல்லும் அப்படித்தான். வீட்டில் அதைச் சொல்வது அருகிப்போனாலும் பள்ளிக்கூடம், பரிசோதனைக்கூடம், உடற்பயிற்சிக்கூடம் என்று பலர் கூடிப் புழங்கும் இடங்களிலெல்லாம் வாழ்கிறது. செட்டிநாட்டு முகப்பு, வளவு ஆகியவை தனியாக எழுத வேண்டிய பெரிய விஷயம், இங்கே விட்டுவிடுகிறேன்.

இனிச் சேலம் நகரத்துக்கு வருவோம், ஏனென்றால் இந்த ஊரில் கூடத்தின் கதை வேறு திசையில் போயிருக்கிறது. செவ்வாய்ப்பேட்டையின் பழைய வணிகர் வீடுகளை அளந்தால் அகலம் பதினைந்து இருபது அடிக்குள்ளும் நீளம் நூறு அடிக்கு மேலும் போகும். தெருவைப் பார்த்த முன்கட்டு கடையாகவோ மண்டியாகவோ இருக்கும். கல்லாப்பெட்டிக்கு முன்னால் விரித்த ஜமக்காளமே வந்தவர் உட்காரும் இடம். சரக்கு வாங்க வந்தவரும் சம்பந்தம் பேச வந்தவரும் அதே ஜமக்காளத்தில்தான் உட்கார்ந்தார்கள். சிவதாபுரம், பனங்காடு பக்கம் கொலுசு வேலை நடக்கும் வீடுகளில் கூடமே பட்டறை. குட்டைப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து சலங்கை கோத்துக்கொண்டிருப்பவர்களைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். மாலையில் கூட்டிய தூசியையும் கொட்டிவிட மாட்டார்கள், அதில் வெள்ளித் துகள் இருக்கும் என்பதால் டப்பாவில் சேர்த்து வைப்பார்கள்.

அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை, குகை ஆகிய நெசவாளர் பகுதிகளில் வீட்டின் மிக நீளமான இடம் தறிக்கு உரியது. குழித்தறியில் நெய்பவர் தரைமட்டத்தில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகளை மிதிப்பார். பாவு, அதாவது நீளவாக்கில் கட்டிய நூல்கள், எதிரே நீண்டு கிடப்பதால் குட்டையான அறையில் தறியைப் போட முடியாது. மண்தரையின் ஈரம் பாவு நூல் வறண்டு அறுந்துபோகாமல் காக்கும். பக்கவாட்டில் ஒரு சன்னல் வேண்டும், நூல் அறுந்தால் பார்த்துப் பிணைப்பதற்கு. இத்தனை நிபந்தனைகளுக்கும் பொருந்திவரும் ஒரே இடம் கூடம்தான். ஆகவே தறிக்காகக் கூடத்தை விட்டுக்கொடுத்தார்கள் என்பதைவிட, தறி வைக்கும் அளவில்தான் கூடத்தைக் கட்டினார்கள் என்று சொல்வதே பொருத்தம். வந்தவர்கள் திண்ணையிலோ, தறிக்குப் பக்கத்தில் சுவரோரம் போட்ட பாயிலோ உட்கார்ந்து, ஊடு நூலைச் சுமந்து குறுக்கே ஓடும் நாடாவின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திப் பேசினார்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் அம்மாபேட்டையில் ஒரு நெசவுக் குடும்பத்துக்கு வீடு வரைந்து கொடுத்தேன். மகன் வெளியே வேலைக்குப் போகிறவர். முன்பக்கம் பதினாறுக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறையைக் காட்டி, அதில் ‘லிவிங்’ என்று எழுதியிருந்தேன். அவருடைய தந்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை வெகுநேரம் பார்த்துவிட்டு, “ஹாலெல்லாம் சரிதானுங்க, தறியை எங்கே போடறதுங்க?” என்றார். மகனுக்குச் சங்கடம், எனக்கு வெட்கம். கடைசியில் சன்னலோரம் ஒரு குழி விட்டு, பக்கங்களில் செங்கல் கட்டி, அடியில் மண்ணாகவே விட்டுவிட்டோம். பெரியவர் தம் காலம் வரை அங்கே ஒரு தறி ஓட்டினார். பிறகு குழியின் மேல் நான்கு கடப்பைக் கற்களைப் போட்டு மூடி, அதன்மேல் சோபாவை வைத்துவிட்டார்கள். இன்றும் அந்த வீட்டுக்குப் போனால், மற்ற இடமெல்லாம் டைல்ஸ், அந்த நான்கு கற்கள் மட்டும் கறுப்பு. அவற்றின்மேல் கால் வைக்கும்போது அடிச்சத்தம் கொஞ்சம் வேறாகக் கேட்கும். அந்த வீட்டுக்குப் பிறகு ‘லிவிங்’ என்ற சொல்லை யாரும் கேட்காமல் நானாக எழுதுவதில்லை.

இப்போது ஆங்கிலப் பெயர்கள். ஹால் என்பது ஆங்கிலத்தில் மிகப் பழைய சொல். இடைக்கால இங்கிலாந்தின் பெரிய வீடுகளில் நடுவே நெருப்பு எரிய, எல்லோரும் உண்டு, பேசி, பலர் உறங்கியும் வந்த ஒரே பெரிய இடத்தின் பெயர் அது. பிற்காலத்தில் தனித்தனி அறைகள் பெருகியபோது அங்கே ஹால் சுருங்கிச் சுருங்கி, கதவைத் திறந்ததும் கோட்டும் குடையும் மாட்டும் நடைவழியின் பெயராகிவிட்டது. நம் ஊரிலோ அது பழைய அகலத்தோடு நிலைத்துவிட்டது. லண்டனில் இருக்கும் உறவினரிடம் “ஹாலில் படுத்துக்கொள்கிறேன்” என்றால் அவர் வீட்டுப் பிள்ளைகள் விழிப்பதற்குக் காரணம் இதுதான்.

பார்லர் பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. பேசு என்று பொருள்படும் பார்லே என்ற வினையிலிருந்து பிறந்தது. மௌனம் காக்கும் துறவு மடங்களில் பேச அனுமதிக்கப்பட்ட, வெளியாரைச் சந்திப்பதற்கென ஒதுக்கிய அறையே முதலில் பார்லர். பின்னர் அது இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நடுத்தர வீடுகளில் நல்ல நாற்காலிகளைப் போட்டு, விருந்தினருக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் மட்டும் திறக்கும் முன்னறையாயிற்று. நம் ஊரில் வீட்டுக்குள் அந்தப் பெயர் நுழையவேயில்லை. அழகு நிலையத்தோடும் ஐஸ்கிரீம் கடையோடும் நின்றுவிட்டது. ஆவின்காரர்கள் அதைப் பாலகம் என்று தமிழாக்கியது, ஒலியும் பொருளும் சேர்ந்து வந்த அழகான மொழிபெயர்ப்பு என்பது என் கருத்து. ஆனால் ஓர் இடத்தில் மட்டும் பார்லர் தன் பழைய பொருளிலேயே புழங்குகிறது: கன்னியர் மடங்களிலும் அவர்கள் நடத்தும் விடுதிப் பள்ளிகளிலும் பெற்றோர் காத்திருந்து பிள்ளையைப் பார்க்கும் அறையைப் பார்லர் என்றே சொல்கிறார்கள். உறைவிடப் பள்ளிகளுக்குப் பெயர்போன ஏற்காட்டில் படித்தவர்களைக் கேட்டால், மெழுகிய தரையும் வரிசை நாற்காலியும் வீட்டிலிருந்து வந்த முறுக்கு டப்பாவுமாக அந்த அறை எப்படி இருந்தது என்று சொல்வார்கள்.

டிராயிங் ரூமுக்கும் ஓவியம் வரைவதற்கும் தொடர்பில்லை. விலகிப்போகும் அறை என்ற பொருள் கொண்ட வித்டிராயிங் ரூம் என்பதன் தலை உதிர்ந்து நின்ற மிச்சம் அது. விருந்து முடிந்ததும் பெண்கள் உணவறையை விட்டு விலகி அங்கே போய்விடுவார்கள். ஆண்கள் மதுவும் புகையும் முடித்துவிட்டுப் பிறகு வந்து சேர்வார்கள். 1820-களில் சேலத்தின் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காபி பயிரிடத் தொடங்கிய பின், தோட்டக்காரர்களான ஐரோப்பியர்கள் சேர்வராயன் மலையில் கட்டிக்கொண்ட பங்களாக்களோடு இந்தப் பழக்கமும் மலையேறியது. ஐயாயிரம் அடி உயரத்தில் மார்கழிப் பனியில் உட்கார ஓர் இடம் வேண்டும் என்றால் கணப்பு, அதாவது குளிர்காய நெருப்பு மூட்டும் மாடம், வேண்டும். ஆகவே அந்த வீடுகளில் டிராயிங் ரூமின் முகம் கணப்பைப் பார்த்தே திரும்பியிருக்கும், நாற்காலிகளும் அதைச் சுற்றித்தான் வரும். முன்புற வராண்டாவுக்குக் கண்ணாடிச் சன்னல் போட்டிருப்பதும் மூடுபனி உள்ளே வராமல் இருப்பதற்காக. கீழே சேலத்தில் அதே வெள்ளைக்காரப் பாணியில் கட்டிய வீடுகளில் கணப்பு இருக்காது, உயர்ந்த கூரையும் காற்றுப்போக்கிகளும் இருக்கும்.

ஒரு வேறுபாட்டை மட்டும் சொல்லிவிட வேண்டும். ஆங்கிலேயர் வீட்டில் சாப்பாடு முடிந்தால் உள்ளே இன்னோர் அறைக்கு விலகிப் போவது மரியாதை. நம் வீட்டில் தாழ்வாரத்தில் பந்தி முடிந்து கை கழுவியதும் ஆண்கள் வெற்றிலைத் தட்டோடு வெளியே திண்ணைக்கு வருவதும், பெண்கள் கூடத்தில் காலை நீட்டி உட்காருவதுமே வழக்கம். ஆகவே டிராயிங் ரூமுக்கு நேரான அறை நம் பழைய வீட்டில் கிடையாது.

ஹால் எப்படி வென்றது என்பது எளிது. முற்றத்தை மூடித் தளம் போட்ட வீடுகளில் தாழ்வாரமும் முற்றமும் கூடமும் சேர்ந்து ஒரே இடமாயின; அதற்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. எல்லா அறைகளின் கதவும் அதில் திறக்கின்றன, சமையலறைக்குப் போவதும் அதன் வழியேதான். இங்கிலாந்தின் பழைய ஹாலும் இப்படித்தான் இருந்தது. வீட்டு விளம்பரங்களில் வரும் பி.எச்.கே. என்பதில் நடு எழுத்து அந்த ஹால்தான். தேசியக் கட்டட விதித்தொகுப்பிலோ ஹாலுக்கென்று தனியளவு இல்லை. ஆட்கள் புழங்கும் எந்த அறையையும் வாழ்வறை என்று பொதுவாக எடுத்துக்கொண்டு, வீட்டில் ஒன்றே ஒன்று இருந்தால் அது 9.5 சதுர மீட்டருக்கும் 2.4 மீட்டர் அகலத்துக்கும் குறையக் கூடாது, உயரம் 2.75 மீட்டர் வேண்டும் என்று வரையறுத்து நின்றுவிடுகிறது. ஹாலின் திசையைத் திருப்பியது தொலைக்காட்சி. 2006-இல் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கிய பிறகு, ஓரறை வீடுகளிலும் உட்காரும் திசை வாசலைப் பார்த்து இருந்தது மாறி, பெட்டியைப் பார்த்து அமைந்துவிட்டது. அழைப்பு மணி அடித்தால் எல்லோரும் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பது அதனால்தான். திண்ணையின் வேலையைக் கம்பிக்கதவு போட்ட வராண்டா எடுத்துக்கொண்டது. கூரியர்காரரும் கேபிள் பணத்துக்கு வருபவரும் அதோடு நின்றுவிடுகிறார்கள்.

வரவேற்பறையை எழுத்தில் மட்டும்தான் காண்கிறோம். பிழையான சொல் அன்று, ஆனால் வரவேற்பு என்ற பலகையை விடுதியிலும் மருத்துவமனையிலும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது மேசை போட்டு ஒருவர் உட்கார்ந்திருக்கும் இடமாகவே தோன்றுகிறது. தவிர, கொலு வைப்பதும், பெண்ணுக்கு நலங்கு வைப்பதும், பிள்ளைகள் படித்துக்கொண்டே உறங்கிவிடுவதும், ஒரு நாள் பெரியவர்களைக் கிடத்தி வைப்பதும் நடக்கும் இடத்தை வரவேற்பறை என்று அழைப்பது அந்த இடத்துக்குச் சிறியதாகப்படுகிறது.

ஆகவே உங்கள் வரைபடத்தில் எல்லா அறைகளும் வந்து சேரும் அந்தப் பெரிய இடத்துக்குக் கூடம் என்று எழுதுங்கள். பாட்டியின் நினைவாக ஆசாரம் என்று எழுதினாலும் தவறில்லை, ஆனால் நடுவில் தொட்டியோ, குறைந்தபட்சம் மேலே வெளிச்சத் திறப்போ இருந்தால் அந்தப் பெயர் பொருந்தும். முன்புறம் ஆறடி கிடைத்தால் மேடை கட்டித் திண்ணை என்றே எழுதலாம். இடம் இல்லாமல் கம்பிக்கதவு போட்டால் அது வராண்டாதான், திண்ணை ஆகாது. வாசல் நிலையை மூன்றரை அடிக்குக் குறைக்க வேண்டாம். பீரோ உள்ளே வருவதற்கும், நான் மேலே கடைசியாகச் சொன்ன காரியத்துக்கும் அது வேண்டும். கொத்தனாரும் எலக்ட்ரீஷியனும் தாளில் என்ன எழுதியிருந்தாலும் ஹால் என்றே கூப்பிடுவார்கள், அதற்காக வருந்த வேண்டியதில்லை. கூடத்தில் ஊஞ்சல் மாட்டும் எண்ணம் இருந்தால் மட்டும் மறவாமல் முன்பே சொல்லிவிடுங்கள். கூரைக்குக் கம்பி கட்டும் நாளிலேயே கொக்கியையும் சேர்த்துக் கட்டிவிட வேண்டும், கான்கிரீட் போட்ட பிறகு துளையிட்டு மாட்டும் கொக்கியை நம்பி நான் யாரையும் ஆடச் சொல்வதில்லை.